மாடியில் நடந்த கால்கள்

அத்தியாயம் 9

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு மாடியில் காலடிச் சத்தம் கேட்டது.

சாயங்காலத்தில் கேட்பது அந்த வீட்டுக்குப் புதிதல்ல. நெடுங்கரைப் பெரிய வீட்டில் விளக்கு வைக்கிற நேரத்தில் மேல்தளத்துப் பலகைகள் முனகும். கிழக்குச் சன்னலிலிருந்து மேற்குச் சன்னல்வரை யாரோ நடந்து, திரும்பி, மறுபடியும் நடப்பதுபோல் இருக்கும். பகல் வெயிலில் காய்ந்த தேக்குப் பலகை குளிர்ச்சிக்குச் சுருங்குகிறது என்று சக்கரபாணி கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஊர்க்காரர்கள் அதை ஒப்புக்கொண்டதில்லை. ஐயா இன்னும் எழுதிக்கினுதான் இருக்காரு என்பார்கள். அதையும் அவர் மறுத்ததில்லை.

ஆனால் காலை பத்து மணிக்கு எந்தப் பலகையும் சுருங்காது.

"மாமா," என்றாள் மருமகள் வெண்ணிலா, சமையலறை வாசலில் நின்றபடி. "கேட்டுச்சா?"

"எலி," என்றார் சக்கரபாணி. இஸ்திரி போட்ட சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்டிக்கொண்டிருந்தார்.

"செருப்பு போட்ட எலியா, மாமா?"

அவர் கைப் பொத்தானுக்கு மாறினார். எழுபத்துநாலு வயதிலும் நாற்காலியில் முதுகு சாயாமல் உட்காருகிற மனிதர். திண்டிவனத்தில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கு எலியைப் பற்றியும் செருப்பைப் பற்றியும் பேச அவருக்கு நேரமில்லை.

மூன்று மணிக்கு அரசு அதிகாரி வருகிறார். போன வாரம் வந்த கடிதத்தில் எல்லாம் விவரமாக இருந்தது. சக்கரபாணியின் தகப்பனார் சிங்காரவேலு, வாசகர்கள் 'நெடுங்கரையார்' என்ற பெயரில் அறிந்த நாவலாசிரியர். அவர் வாழ்ந்த இந்த வீட்டை நினைவில்லமாக எடுத்துக்கொள்ள உத்தரவு தயார். முகப்பில் பதிக்கப்போகும் கல்வெட்டின் வாசகம் உண்மை என்று குடும்பத்தின் சார்பில் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வாசகம் சக்கரபாணியே எழுதிக் கொடுத்தது:

'நெடுங்கரையார் தம் இறுதி நாள்வரை இம்மாடியில் நடந்தபடியே சிந்தித்து, இங்கேயே எழுதி, இங்கேயே மறைந்தார்.'

ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் அந்த வரி படத்தோடு வந்தது. திங்கட்கிழமையிலிருந்து விழுப்புரத்து எண் ஒன்று மூன்று முறை அவரைக் கூப்பிட்டது. மூன்று முறையும் ஒரு பெண் குரல் 'அண்ணே' என்று ஆரம்பித்தது. மூன்று முறையும் அவர் துண்டித்தார்.

சக்கரபாணிக்குத் தம்பி தங்கை கிடையாது. அப்படித்தான் இந்த ஊருக்குத் தெரியும்.

பதினொன்றரை மணிக்குத் திண்டிவனம் பஸ் வந்து போன பிறகு கேட் சத்தம் கேட்டது. முற்றத்தில் காய்ந்துகொண்டிருந்த மல்லாட்டைக் கடலையை மிதிக்காமல் ஓரமாக நடந்து வந்தாள் அந்த அம்மாள். ஐம்பத்தெட்டு வயதிருக்கும். வெளுத்த காட்டன் புடவை, கழுத்தில் சின்னச் சிலுவை, கையில் துணிப்பை. படியேறுவதற்கு முன் நின்று மாடியை அண்ணாந்து பார்த்தாள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் அப்படிப் பார்ப்பார்கள். ஆனால் இவள் பார்த்ததில் வியப்பில்லை. யாரோ சொல்லக் கேட்ட அடையாளங்களைச் சரிபார்க்கிற பார்வையாக இருந்தது.

"யாருங்க வேணும்?" என்றாள் வெண்ணிலா.

"அண்ணன் இருக்காராம்மா?"

கூடத்தில் உட்கார்ந்திருந்த சக்கரபாணிக்கு அந்தக் குரல் போதுமாயிருந்தது. வெளியே போய்த் துரத்தலாம். ஆனால் எதிர்வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டு மானம் வாசலில் நின்று பேசக்கூடிய விஷயமல்ல.

"உள்ள வரச் சொல்லு," என்றார்.

அவள் வந்து நின்றாள். பையிலிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து, மடிப்பை நீவி, அவர் முன்னால் மேசையில் வைத்தாள்.

"நான் ஜெயம். அமலா டீச்சரு பொண்ணு."

அந்தப் பெயர் இந்தக் கூடத்தில் இதற்கு முன் உச்சரிக்கப்பட்டதே இல்லை. சக்கரபாணி மருமகளைப் பார்த்தார். உள்ளே போ என்று அந்தப் பார்வைக்கு அர்த்தம். வெண்ணிலா போகவில்லை.

"என்ன வேணும் உங்களுக்கு?"

"என்னை என்னாத்துக்கு வாங்க போங்கன்னு? நான் உங்களுக்குச் சின்னவ."

"என்ன வேணும்னு கேட்டேன்."

"ஒண்ணும் வேணாண்ணே. இந்த வரியில ஒண்ணே ஒண்ணு மாத்தணும்." அவள் விரல் பத்திரிகைத் துண்டில் ஊன்றியது. "எங்கம்மா பேரு போட வேணாம். விழுப்புரம்னு ஒரு வார்த்த போட வேணாம். இந்தக் காலை மட்டும் எடுத்துடுங்க."

"எந்தக் காலை?"

"நடந்தபடியேன்னு போட்டிருக்கீங்களே, அதைத்தான். அவருக்கு ஏதுண்ணே காலு? அறுபத்தெட்டுல வலது காலை முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. சக்கர வியாதி. பாண்டிச்சேரியில வெச்சுதான் எடுத்தாங்க."

சக்கரபாணி சிரிப்பு மாதிரி ஏதோ செய்தார். "எங்க வந்து என்ன பேசுறோம்னு தெரியுதா?"

"தெரிஞ்சுதான் பேசிக்கினு இருக்கேன். அவரு செத்தப்ப எனக்கு எட்டு வயசு. கட்டில்ல அவருக்கு வலது பக்கம் கீழ் பாதி காலியா இருக்கும் பாருங்க, அங்கதான் நான் சுருண்டு படுத்துக்குவேன். அவரு சொல்லச் சொல்ல எங்கம்மா ஸ்டூல் போட்டு எழுதும். எனக்குத் தூக்கம் வந்துடும். ஆறு வருஷம் அந்தக் கட்டில்லதான் எழுதினாரு. கடைசி ஏழு புஸ்தகமும் படுத்துக்கினே சொன்னது."

அவள் குரலை உயர்த்தவில்லை. பொய் சொல்கிறவர்கள் இவ்வளவு சின்ன விஷயங்களைச் சொல்ல மாட்டார்கள் என்று முப்பது வருடம் பிள்ளைகளை விசாரித்த தலைமையாசிரியருக்குத் தெரியும்.

சக்கரபாணிக்குப் பாதி தெரியும். இந்தப் பாதிதான் தெரியாது.

அவருக்குப் பதின்மூன்று வயதானபோது தகப்பனார் ஒரு பெட்டியோடு விழுப்புரத்துக்கு, அமலா டீச்சரிடம் போனார். திரும்பி வரவில்லை. தாயார் கோவிந்தம்மாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அன்று சாயங்காலமே மாடியில் அரிக்கேன் விளக்கை ஏற்றி வைத்தாள். தட்டில் சோறு போட்டு, மூடி, மாடிக்குக் கொண்டுபோனாள். அரை மணி கழித்துக் காலித் தட்டோடு இறங்கினாள். பிறகு அவர் விட்டுவிட்டுப் போன தோல் செருப்பை மாட்டிக்கொண்டு கிழக்குச் சன்னலிலிருந்து மேற்குச் சன்னல்வரை நடந்தாள். களத்து வேலை முடிந்து கூலி வாங்க நிற்கிற ஆட்களுக்குக் கேட்கிற மாதிரி நடந்தாள்.

"உங்கப்பா யாரையும் பாக்க மாட்டாரு. எழுத்து விரதம்," என்று மகனிடம் சொன்னாள். "கேக்கறவங்களுக்கு அதான் பதிலு. உனக்கும் அதான் பதிலு."

பதினோரு வருடம் அந்தப் பதில் நின்றது. பட்டணத்திலிருந்து பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். கீழே காப்பி குடித்துக்கொண்டே மேலே காலடி கேட்டு, மெய்மறந்து, தொந்தரவு செய்யாமல் திரும்பினார்கள். கைப்பிரதிகள் பதிப்பகத்துக்கு விழுப்புரம் தபால் முத்திரையோடு போகிறதே என்று யாராவது கேட்டால், ஜங்ஷனில் ரயில் தபாலில் போட்டால் ஜல்தியாகப் போகும், அதற்கென்று ஆள் அனுப்புகிறோம் என்று சொல்லியாயிற்று. எழுபத்து நாலில் தகப்பனார் இறந்தபோது சக்கரபாணி மைசூரில் ஆசிரியப் பயிற்சியில் இருந்தார். தந்தி தாமதம். வந்து சேர்ந்தபோது, இரவோடிரவாக மூடிக் கொண்டுவந்த உடலுக்கு மாமன் கொள்ளி வைத்து முடித்து இரண்டு நாளாகியிருந்தது. சாம்பலைத்தான் பார்த்தார். சாம்பலில் கால் ஒன்றா இரண்டா என்று தெரியாது.

நூற்றாண்டு மலருக்கு அவர் எழுதிய கட்டுரை பாராட்டப்பட்டது. கடைசி மாலையிலும் அந்தக் காலடி ஓயவில்லை என்று அதை முடித்திருந்தார்.

ஒற்றைக் கால் மனிதருக்கு இரண்டு கால் சத்தத்தை ஊருக்கு ஆறு வருடம் கேட்க வைத்திருக்கிறது இந்த வீடு. பிறகு ஐம்பது வருடம் அதை அச்சிலும் ஏற்றியிருக்கிறது.

"அப்ப மாடியில நடந்தது தாத்தா இல்லையா?" என்றாள் வெண்ணிலா.

"நீ சும்மா இரு."

"எப்படி மாமா சும்மா இருக்கறது? கல்யாணமாகி வந்த மறுநாளே எனக்கு சுவிட்ச காட்டினீங்க. ஆறு மணியானா மாடி விளக்கப் போடு, பெரியவரு எழுதின எடம்னீங்க. ஆறு வருஷமா போட்டுக்கினு இருக்கேன். காய்ச்சல்னு படுத்தப்பகூட எழுந்து போய்ப் போட்டேன். யாருக்குப் போட்டேன்?"

அதற்கும் அவரிடம் பதில் இருந்தது. குடும்பத்துக்கு என்று சொல்லியிருக்கலாம்.

"மாடிப்படிகிட்ட வரும்போதே எனக்கு உடம்பு சிலுத்துக்கும்," வெண்ணிலா வந்தவள் பக்கம் திரும்பினாள். "யாரோ நின்னுக்கினு இருக்கற மாதிரியே இருக்கும். இவருகிட்ட சொன்னா மரம் சுருங்குதும்பாரு. நீங்க உக்காருங்க அத்தை. மோர் கொண்டாறேன்."

அத்தை என்ற வார்த்தை கூடத்தில் விழுந்து அங்கேயே கிடந்தது. எடுத்து வெளியே போட யாரும் துணியவில்லை.

மோரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஜெயம் கேட்டாள்: "உங்கம்மாவுக்குத் தெரியாதுன்னா நெனச்சிக்கினு இருக்கீங்க?"

"என்ன தெரியாது?"

"காலு எடுத்த சமாச்சாரம்."

சக்கரபாணி நிமிர்ந்தார்.

"ஒரே ஒரு தடவ வந்தாங்களாம். காலெடுத்து வீட்டுக்கு இட்டாந்து பதினஞ்சாம் நாளு. எனக்கு அப்ப ரெண்டு வயசு, எங்கம்மா சொல்லித்தான் தெரியும். ஜட்கா வண்டியில வந்து எறங்கினாங்களாம். எங்கம்மா நடுங்கிக்கினு நின்னுதாம், அடிக்கத்தான் வந்திருக்காங்கன்னு. அவங்க நேரா கட்டில்கிட்ட போனாங்களாம். போர்வைய வெலக்கிப் பாத்தாங்களாம். அவரு மூஞ்சிய சொவத்துப் பக்கம் திருப்பிக்கினாராம்."

"அப்புறம்?"

"போர்வைய நல்லா போத்திவிட்டுட்டு, எங்கம்மாகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாங்களாம். எந்நேரத்துக்கு எழுதறாருன்னு. விடியக்காலம் அஞ்சரைக்கும் அந்தி நேரத்துலயும்னு எங்கம்மா சொல்லிச்சாம். சரின்னுட்டுப் போயிட்டாங்களாம். ஒரு வா தண்ணி குடிக்கல."

விடியற்காலம் ஐந்தரை.

அறுபத்தெட்டில் சக்கரபாணி சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தார். விடுமுறைக்கு வந்தபோது, விடியற்காலத்தில் மாடியில் நடை கேட்டு விழித்தார். அதுவரை அந்தியில் மட்டும்தான் தாயார் நடப்பாள். கூலியாட்கள் கேட்பதற்காக நடந்தது அது. அந்த நேரத்தில் களத்தில் ஒரு ஈ காக்கை கிடையாது. கேட்பதற்கு ஊரில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. படியேறிப் போய்ப் பார்த்தார். இருட்டில் விளக்குகூட இல்லாமல், உதட்டை மடித்துக்கொண்டு, பெரிய செருப்பை இழுத்து இழுத்து அவள் நடந்துகொண்டிருந்தாள். அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று அன்று நினைத்தார். வெளியே தெரிந்தால் கேவலம் என்றும் நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை.

தகப்பனார் இறந்த பிறகும் அவள் நிறுத்தவில்லை. தொண்ணூற்றாறில், படுக்கையில் விழுந்த நாள்வரை நடந்தாள்.

ஊருக்காக என்றால் விடியலில் எதற்கு நடக்க வேண்டும்?

அப்போது மேலே பலகை முனகியது. மூன்று பேருமே கேட்டார்கள். கிழக்கிலிருந்து மேற்காக, அவசரமில்லாமல், சற்றே இழுத்த நடை. திரும்பியது. வெண்ணிலா ஜெயத்தின் முழங்கையைப் பற்றிக்கொண்டாள். ஜெயம் மெல்லச் சிலுவையைத் தொட்டாள்.

சக்கரபாணி எலி என்று சொல்லவில்லை. நடை ஓய்கிறவரை எழுந்து நின்றிருந்தார்.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது ஜீப் வந்தது. அதிகாரி அன்புச்செல்விக்கு முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். நீலக் கோப்பு ஒன்றை மார்போடு அணைத்திருந்தாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கோயிலுக்குள் நுழைவதுபோல் கூடத்துக்குள் வந்தாள்.

"உங்கப்பா நாவலைப் படிச்சுட்டுத்தான் சார் நான் தமிழ் எடுத்தேன். வீட்ல சண்டை. இந்தப் படியில ஏறுவேன்னு நெனச்சே பாக்கல." ஜெயத்தைப் பார்த்துப் புன்னகைத்தாள். "இவங்க?"

சக்கரபாணி வாயைத் திறந்தார். அதற்குள் ஜெயம் எழுந்துவிட்டாள்.

"விழுப்புரத்துலருந்து வந்தேங்க மேடம். சும்மா வீட்டப் பாத்துட்டுப் போலாம்னு. பேப்பர்ல படம் போட்டிருந்தாங்களே." பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். "வர்றேன் சார்."

காலையிலிருந்து அண்ணே என்றவள் இப்போது சார் என்றாள். அவருடைய மானத்தை அவள் காப்பாற்றிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். இந்த வீட்டில் ஒரு வேளைச் சோறு உண்ணாதவள், ஒரு நொடியில், யோசிக்காமல், அதைச் செய்தாள். அவர் வாழ்நாள் முழுக்கக் கட்டிக் காத்ததை இன்னொருவர் கையால் பிச்சையாக வாங்குவது எப்படி இருக்கும் என்று சக்கரபாணி அப்போதுதான் அறிந்தார்.

"உக்காரு," என்றார்.

ஜெயம் நின்றாள்.

"உன்னைத்தான் சொல்றேன். உக்காரு."

மேசைமேல் கல்வெட்டு வாசகம் விரித்து வைக்கப்பட்டது. கீழே கையெழுத்துக்கு இடம். சக்கரபாணி பேனாவைத் திறந்து, கையெழுத்துப் போட வேண்டிய இடத்துக்கு வராமல், வாசகத்தின் முதல் சொல்லிலிருந்து கடைசிச் சொல்வரை நேர்கோடாக அடித்தார்.

"சார்?" என்றாள் அன்புச்செல்வி.

"என் தகப்பனார் கடைசி பதினோரு வருஷம் இந்த வீட்டுல இல்ல. விழுப்புரத்துல இருந்தாரு. அங்கதான் எழுதினாரு. அங்கதான் செத்தாரு. அதுல ஆறு வருஷம் அவருக்கு வலது கால் கிடையாது." ஒவ்வொரு வாக்கியத்தையும் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதுபோல் நிறுத்திச் சொன்னார். "நான் எழுதிக் கொடுத்தது பொய்."

"அப்ப மாடியில நடந்தது? எவ்வளவு பேர் கேட்டதா எழுதியிருக்காங்களே?"

அடித்த வரிக்குக் கீழே அவர் எழுதினார். 'இம்மாடியில் நடந்தவர் அவர் மனைவி கோவிந்தம்மாள்.'

அன்புச்செல்வி அதை இரண்டு முறை படித்தாள். "இதைக் கல்லுல வெட்ட முடியாது சார். ஏன் நடந்தாங்கன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"ஃபைல் திரும்பிப் போயிடும். நினைவில்லமே நின்னாலும் நின்னுடும். நான் சொல்றது புரியுதா சார்?"

"புரியுது."

வெண்ணிலா மாமனாரைப் பார்த்தபடி தூணோரம் நின்றாள். அவர் காகிதத்தைப் புரட்டினார். இரண்டாம் பக்கத்தில் 'எழுத்தாளரின் வாரிசுகள்' என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு பெயர் தட்டச்சாகியிருந்தது. சி. சக்கரபாணி.

"உம்பேரை எப்படி எழுதுவ?" என்றார் ஜெயத்திடம்.

"எனக்கு வீடு வேணாண்ணே. அதுக்கு நான் வரல."

"வீட்டப் பத்தி யாரு பேசினா? பேரைக் கேட்டேன்."

அவள் கண்களைத் துடைத்துக்கொண்டாள். "ஸ்கூல்ல எங்கம்மா பேருதான் இனிஷியலு. அ. ஜெயம்."

"அது பள்ளிக்கூடத்துக்கு."

தன் பெயருக்குக் கீழே, தன் பெயருக்கு இருப்பது போலவே, 'சி' என்று எழுதிப் புள்ளி வைத்தார். அடுத்து 'ஜெ' என்று தொடங்கும்போது அவள் கையை நீட்டி அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அண்ணே, எழுதறதுக்கு முன்னாடி தெரிஞ்சிக்குங்க. நான் இங்க வந்தது அவனுக்குத் தெரியாது."

"யாருக்கு?"

"நான் ஒருத்தி இல்லண்ணே. எனக்குக் கீழ தம்பி இருக்கான், ஆரோக்கியராஜு. எம்பேர இதுல எழுதினா அவன் பேரையும் எழுதணும்." அவள் அதிகாரியைப் பார்த்தாள், பிறகு வெண்ணிலாவைப் பார்த்தாள், கடைசியில்தான் அவரைப் பார்த்தாள். "அவனுக்கு வீடு வேணும்."